முன்வரிசையில் யாரை உட்காரவைப்பது?

கோவையில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படித்தபோது, கடைசி வருஷத்தில் ஃபேஷன் ப்ரமோஷன், ஈவென்ட் பிளானிங் இரண்டையும் சேர்த்து ஒரு பேப்பர் வந்தது. ப்ராக்டிகல் மார்க் முழுக்க ஒரு ஷோவை நாங்களே நடத்திக் காட்டுவதற்கு. தைக்கிற வேலை கிடையாது, ஜாலியான பேப்பர் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். முதல் வகுப்பிலேயே மேம் கேட்டது: "முன்வரிசையில யாரை உக்கார வைக்கப் போறீங்க?" பிரின்சிபால், கரெஸ்பான்டென்ட், எச்.ஓ.டி. என்று அடுக்கினோம். "இவங்கள்ல யார் உங்க சேலைக்கு ஆர்டர் குடுப்பாங்க?"

செமஸ்டர் முழுக்க நாங்கள் படித்தது இந்த ஒரு கேள்வியைத்தான். விற்க ஒரு பொருளும் வாங்க ஓர் ஆளும் இல்லாமல் நடந்தால் அது கல்ச்சுரல்ஸ் என்பது மேமின் கட்சி. அதனால் முதலில் பொருளை முடிவு செய்தோம்: கோவை கோரா காட்டன். பட்டும் பருத்தியும் கலந்து நெய்வது, புவிசார் குறியீடு பெற்றது. சிறுமுகைப் பக்கம் தறி வைத்திருக்கும் சிலர், விற்காததைத் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சில் சேலைகளைக் கொடுத்தார்கள்.

தேதியில்தான் சண்டை. ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாள். 1905-இல் சுதேசி இயக்கம் தொடங்கிய தேதி என்பதால் 2015-இலிருந்து கொண்டாடுகிறார்கள்; முதல் விழா நடந்ததே சென்னையில்தான். பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் அது ஆடி மாதம். ஊரெல்லாம் தள்ளுபடி போர்டு தொங்கும்போது முழு விலைச் சேலையை யார் பார்ப்பார்கள் என்று பாதி வகுப்பு கேட்டது. மறுபாதி கணக்குப் போட்டது: ஆடியில் கல்யாணம் இல்லை, லைட் செட்டுக்காரரும் சவுண்டுக்காரரும் சும்மா இருப்பார்கள், வாடகை இறங்கும், பொட்டிக் என்கிற சின்னத் துணிக்கடை வைத்திருப்பவர்கள் தீபாவளிச் சரக்குக்கு அலைகிற நேரமும் அதுதான். ஆடியே ஜெயித்தது. வாடகை விஷயத்தில் கணக்கு பலித்தது.

தியரி வகுப்புகளில் பாதி தூக்கம். ஆனால் பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் நடந்த கதை நினைவிருக்கிறது. 1973 நவம்பர் 28, அரண்மனையைப் பழுதுபார்க்க நிதி திரட்ட ஒரு ஷோ. ஐந்து பிரெஞ்சு டிசைனர்கள் ஒரு பக்கம், ஐந்து அமெரிக்க டிசைனர்கள் மறுபக்கம். ஏற்பாட்டில் முக்கியமானவர் எலினோர் லாம்பர்ட். 1943-இலேயே நியூயார்க்கில் ‘பிரஸ் வீக்’ தொடங்கி, இன்றைய ஃபேஷன் வீக்குகளுக்கு வழிபோட்ட விளம்பரக்காரர். அமெரிக்கர்களுக்காக வரைந்த ஈஃபில் கோபுரத் திரை, அடிக்கும் மீட்டருக்கும் நடந்த குழப்பத்தில் மேடைக்குப் பொருந்தாமல் போனது. கிட்டத்தட்ட வெறும் மேடையில் நடந்தார்கள். கைதட்டலை அவர்கள்தான் அள்ளினார்கள். எங்களுக்கு ராம்ப், அதாவது நடைமேடை, போட்டவர் எல்லாவற்றையும் ‘எட்டடிக்கு நாலடி’ ப்ளைவுட் கணக்கில் பேசுபவர். பேனர் டிசைன் செய்த பையன் சென்டிமீட்டரில் வாழ்கிறவன். இந்தக் கதை தெரிந்திருந்ததால், இருவரையும் ஒரே நாளில் ஹாலுக்கு வரவழைத்து, டேப்பைக் கையில் கொடுத்துவிட்டோம்.

வேலை எங்கே இருக்கிறதென்று ரன் ஷீட், அதாவது யார் எப்போது மேடையேறுவது என்ற பட்டியல், எழுதும்போதுதான் புரியும். ஒரு சீக்வென்ஸுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எட்டுப் பேர். 20 விநாடிக்கு ஒருவர் மேடையேறினால், எட்டாவது பெண் ஏறும்போது 2 நிமிஷம் 20 விநாடி ஆகியிருக்கும். அவள் நடந்து திரும்ப இன்னொரு 40 விநாடி. ஆக ஒரு சீக்வென்ஸ் 3 நிமிஷம். அதே பெண் இரண்டாவதில் வராமல் மூன்றாவது சீக்வென்ஸிலும் கடைசியாகவே வந்தால் உடை மாற்ற 5 நிமிஷம் 20 விநாடி கிடைக்கும். அவளையே அதில் முதலில் நிறுத்தினால் வெறும் 3 நிமிஷம். சுடிதார் என்றால் சமாளிக்கலாம், சேலைக்கு என்ன செய்வது? இப்போது கல்யாணங்களுக்குச் செய்கிறார்களே, முன்கூட்டியே கொசுவம் எடுத்து அயர்ன் பண்ணிப் பெட்டி போல மடித்து வைப்பது, அதையே செய்தோம். பின் குத்தும் இடத்தில்தான் சிக்கல். சேலை கொடுத்த பெரியவர் ட்ரையலுக்கு வந்திருந்தார். "கண்ணு, ஊசியக் குத்துனா நூலு வெலகிப் போயிருமுங்க, அப்புறம் அந்தச் சீலைய எவன் வாங்குவான்?" அதன் பிறகு இடுப்பில் உள்பாவாடையோடு கிளிப், தோளில் மட்டும், அதுவும் உள்ளே துணித்துண்டு வைத்து, ஒரே பின். கடன் வாங்கிய செருப்புகளின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். இதெல்லாம் எந்த யூனிட்டிலும் இல்லை.

மியூசிக்கிலும் இதே முன்வரிசைக் கேள்விதான் வந்து நின்றது. மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் மட்டுமே கேட்கிற நிகழ்ச்சியில் பதிவுசெய்த பாட்டைப் போட 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. கடைக்காரர்களையும் நிருபர்களையும் அழைத்துவிட்டு அதை நம்பி நிற்க முடியாது; உரிமம் வாங்க பட்ஜெட்டில் இடமில்லை. எங்கள் ஜூனியர்களில் ஜமாப் மேளம் அடிக்கிற கோஷ்டி ஒன்று இருந்தது. அடியைக் கொஞ்சம் நிதானமாக்கச் சொல்லி அவர்களையே ஏற்றினோம். நிதானமாக்க அவர்களுக்கு மனசே வரவில்லை, அது வேறு கதை. உள்ளதைச் சொன்னால், ஷோவில் எனக்கு முழுசாகப் பிடித்தது அந்தச் சத்தம்தான்.

ப்ரமோஷன் பக்கம் சுருக்கமாக: போஸ்டர் ஒட்டியதால் வந்தவர்கள் எங்கள் நண்பர்கள் மட்டுமே. ஆர்.எஸ்.புரம், கிராஸ்கட் ரோடு கடைகளுக்கு நேரில் போய், கூடவே துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிய அழைப்பிதழ் கொடுத்த இடங்களிலிருந்துதான் ஆட்கள் வந்தார்கள். இன்ஸ்டாகிராமில் ஃபாலோயர்ஸ் உள்ள ஓர் அக்காவுக்குச் சேலை ஒன்றை நாங்களே வாங்கி இலவசமாகக் கொடுத்தோம். பணம் கைமாறாவிட்டாலும் பதிவில் விளம்பரம் என்று போட வேண்டும், விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஏ.எஸ்.சி.ஐ. அமைப்பின் 2021 வழிகாட்டுதல் அப்படி. முகம் சுளித்தார், ஆனாலும் போட்டார்.

முன்வரிசை கடைசி நிமிஷம் வரை ஆட்டம் கண்டது. கல்லூரிப் பெரியவர்களை இரண்டாம் வரிசைக்கு நகர்த்த யாருக்கும் தைரியமில்லை. மேடைக்கு இடப்பக்கம் மாலை மரியாதையோடு அவர்களுக்குத் தனி சோபா. நேரெதிர் முன்வரிசை கடைக்காரர்களுக்கும் நெசவாளர்களுக்கும். சோபாவைப் பார்த்ததும் கல்லூரிப் பெரியவர்கள் எல்லாரும் திருப்தியாக அங்கேயே போய் அமர்ந்தார்கள்.

ஷோ முடிந்ததும் பேப்பர் முடியவில்லை. மறுவாரம் அழைப்பிதழ் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போட வேண்டும்: வந்தீர்களா, எந்தச் சேலை, எத்தனை, வேண்டாமென்றால் ஏன். ரிப்போர்ட்டில் அதற்குத்தான் பெரிய மார்க். பலர் எடுக்கவில்லை; சிலர் ஆடி முடியட்டும் என்றார்கள். ஒரு பொட்டிக் அம்மா மட்டும், "கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பார்டரைச் சின்னதாக்கித் தருவாங்களாம்மா?" என்று கேட்டார். சிறுமுகைப் பெரியவரின் நம்பரைக் கொடுத்தோம். அந்த உரையாடலை அப்படியே ரிப்போர்ட்டில் சேர்த்தேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த ஒரு பக்கத்தை வைத்தே கேள்விகளை முடித்துக்கொண்டார்.