பாதிக்குப் பாதி போட்டும் ஒன்றே ஓடுவது ஏன்?

நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்கிற சாஃப்ட்வேர் பாயிங்க் (BOINC). ஐன்ஸ்டைன் அட் ஹோம், வேர்ல்டு கம்யூனிட்டி கிரிடு எல்லாம் அதற்கு வேலை அனுப்பும் ஆராய்ச்சி புராஜெக்டுகள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, பாயிங்க்ல ஐன்ஸ்டைன் அட் ஹோமுக்கு 100, வேர்ல்டு கம்யூனிட்டி கிரிடுக்கு 100னு போட்டிருக்கேன். ஆனா சிபியூல கிரிடு வேலைதான் ஓடிட்டே இருக்கு. சாஃப்ட்வேர் கோளாறா?"

கோளாறெல்லாம் இல்லை. அந்த 100 என்பது சதவீதமில்லை, புராஜெக்டுகளுக்கு இடையிலான வெறும் விகிதம். அதுவும் இன்றைக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கில்லை. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் சமீபத்தில் எவ்வளவு வேலை செய்தோம் என்று பாயிங்க் ஒரு மதிப்பு வைத்திருக்கும், அது 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும், யார் பின்தங்கியிருக்கிறாரோ அவருக்கே அடுத்த முறை. தம்பியின் மெஷினில் கிராஃபிக்ஸ் கார்டு முழுவதும் ஐன்ஸ்டைனுக்கு ஓடுகிறது. அந்த வேலையும் அதே கணக்கில்தான் ஏறும், கார்டின் வேகத்துக்கு சிபியூ கிட்டவே வராது, அதனால் ஐன்ஸ்டைன் எப்போதும் தன் பங்குக்கு மேலே நிற்கிறது, சிபியூ முழுக்க கிரிடுக்குப் போகிறது. பந்தியில் பாயசத்தை முதலிலேயே மூன்று தடவை வாங்கிக் குடித்தவனுக்கு அப்புறம் வாளி வராதில்லையா, அதுதான்.

இதற்காக 100ஐ 500 ஆக்கி, மறுநாள் 50 ஆக்கி நோண்டுவதில் பயனில்லை. விட்டுவிடுங்கள்.

நான் பார்த்தவரை நம்ம மாவட்டத்தில் நிஜமாகக் கவனிக்க வேண்டியது வேறு: எத்தனை நாள் வேலையைச் சேர்த்து வைப்பது என்ற அமைப்பு. நாம் மாற்றாவிட்டால் அது 0.1 நாள், அதற்கு மேல் கூடுதலாக 0.5 நாள். நெட் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து சிலர் 5, 10 என்று ஏற்றிவிடுகிறார்கள். முப்பந்தலில் காற்றாலை வரிசை வரிசையாகச் சுற்றினாலும் மழைக்காலத்தில், அதுவும் இங்கே இரண்டு மழைக்காலம், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்காத வீடு கிடையாது. மெஷின் சும்மா கிடக்கும், வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டே இருக்கும். புரோட்டீன் வடிவங்களைக் கணக்கிடும் ரொசெட்டா மாதிரி 3 நாளில் திருப்பிக் கேட்கிற புராஜெக்ட் இருந்தால் சொல்லவே வேண்டாம். கெடு தப்பும் என்று தெரிந்ததும் பாயிங்க் உங்கள் விகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, எதற்குக் கெடு முதலில் முடிகிறதோ அதையே 'ஹை பிரயாரிட்டி' என்று ஓட்டும். அது கம்ப்யூட்டருக்கு அவசரமில்லை, வரிசையில் முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் கண்ணுக்கு அந்த வேலை அப்போதும் கடைசி முன்னுரிமையில்தான் இருக்கும். பிரவுசர் திணறினால் ரேமையோ கிராஃபிக்ஸ் கார்டையோ பாருங்கள்.

சூட்டுக்குப் பயந்தால் 'சிபியூ நேரம்' சதவீதத்தைக் குறைக்காமல் 'எத்தனை கோர்' என்பதைக் குறையுங்கள். முதலாவது வேலையை ஓட்டி நிறுத்தி ஓட்டி நிறுத்தித்தான் சமாளிக்கும், ஃபேன் அதற்கேற்ப ஏறி இறங்கி எரிச்சல் மூட்டும்.

இன்னொன்று. பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற டிக்கை நம்பி லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் வருவதும் லேப்டாப்புக்குச் சாதாரண கரண்டுதான், வித்தியாசம் தெரியாது. ராத்திரி ஃபேனுக்கு வைத்திருக்கிற சார்ஜை புரோட்டீன் கணக்கு தின்றுகொண்டிருக்கும். கரண்டு போனதும் பாயிங்க் ஐகானில் 'ஸ்னூஸ்' அழுத்துங்கள், ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். அதற்குப் பிறகும் கரண்டு வரவில்லையென்றால் மறுபடி அழுத்துங்கள்.