சிலே ரெயேனோ: முட்டை மாவு உரியாமல் பொரிக்க

சுட்ட மிளகாயில் சீஸ் அடைத்து, முட்டை நுரையில் தோய்த்துப் பொரிப்பதுதான் சிலே ரெயேனோ. மெக்சிகோவின் பியூப்லா பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் பண்டம் இது. காரம் குறைந்த, பெரிய கரும்பச்சை பொப்லானோ மிளகாய்தான் வேண்டும். குடமிளகாயில் அந்த மணம் வராது.

6 மிளகாயை நேரடித் தீயில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் கறுத்துக் கொப்புளித்ததும் எடுத்துவிட வேண்டும். சாம்பல் பூக்கும்வரை விட்டால் சதையும் வெந்து, உரிக்கும்போதே கிழிந்துவிடும். மூடிய பாத்திரத்தில் 15 நிமிடம் வைத்துத் துணியால் தேய்த்தால் தோல் கழன்றுவரும். தயவுசெய்து குழாயடியில் கழுவாதீர்கள், சுட்ட மணமே போய்விடும். காம்பு இருக்கட்டும். பக்கவாட்டில் கீறி விதைக்கொத்தை எடுத்து, உள்ளே ஈரம் ஒற்றி, ஒவ்வொன்றிலும் 50 கிராம் ஒஹாக்கா சீஸ் (நன்றாக உருகும் மெக்சிகோ சீஸ்) வையுங்கள். அதிகம் திணித்தால் வாய் மூடாது. கீறலைப் பல்குச்சியால் தைக்கலாம்.

பெரும்பாலும் சொதப்புவது மேல்மாவில்தான். 4 முட்டையின் வெள்ளைக்கருவை, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரைக்க அடியுங்கள். மஞ்சள்கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். உடனே பொரித்தாக வேண்டும். காத்திருந்தால் அடியில் நீர் பிரியும். மிளகாயை முதலில் மைதாவில் புரட்டுவது கட்டாயம், பிறகுதான் நுரையில் தோய்க்க வேண்டும். ஈரமான மிளகாயில் நுரை ஒட்டாது, எண்ணெயில் தனியாகக் கழன்று மிதக்கும்.

எண்ணெய் ஓர் அங்குல ஆழம், 180 டிகிரி செல்சியஸ். சூடு குறைந்தால் மாவு எண்ணெய் குடிக்கும். மேல்பக்கம் கரண்டியால் சூடான எண்ணெயை ஊற்றினால், திருப்பும்போது உடையாது.

தக்காளி, வெங்காயம், பூண்டை வேகவைத்து அரைத்து வடிகட்டி, 15 நிமிடம் கொதித்த நீர்த்த சாறு தட்டில் அடியில் இருக்கட்டும். மிளகாயைப் பரிமாறும்போதுதான் அதில் வைக்க வேண்டும்.