ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஈ.ஈ.ஜி. எடுத்து முடித்த அனுபவம்

ஆட்டிசம் உள்ள எங்கள் ஆறு வயது மகனுக்கு ஒரே ஒரு தூக்க ஈ.ஈ.ஜி. (தூங்கும்போது மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை) பதிவை ஒழுங்காக எடுத்து முடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு, அந்தப் பரிசோதனையின் கடினத்தால் வந்ததன்று. தொடுதலும் ஒலியும் வெளிச்சமும் இப்படிப்பட்ட குழந்தையை என்ன செய்யும் என்பதை, அந்த அறையை நடத்துகிறவர்கள் எண்ணியே பார்க்காததால் வந்தது. இதே பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு கவலையோடு இருக்கும் பெற்றோர் பலர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் கை அப்படியே நின்றுவிடும்; சில நொடிகள் ஓரிடத்தையே வெறித்துப் பார்ப்பான்; பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால், குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது என்று கூறி ஈ.ஈ.ஜி. எழுதிக்கொடுத்தார். ஆட்டிசம் இருக்கிறதா என்று ஈ.ஈ.ஜி. சொல்லாது, அதைக் குழந்தையின் நடத்தையையும் வளர்ச்சி வரலாற்றையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஈ.ஈ.ஜி. தேடுவது வலிப்புக்கான மின் அறிகுறிகளை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை இழக்கிற குடும்பங்களைப் பிறகு நேரிலேயே பார்த்தேன்.

முதலில் போன இடத்தில் விதிமுறைகளை ஒரு துண்டுத்தாளில் தந்தார்கள்: முந்தைய இரவு நேரம் கழித்துத் தூங்க வைத்து அதிகாலையில் எழுப்ப வேண்டும், தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி முடியை நன்றாக உலர்த்தி அழைத்துவர வேண்டும். அத்தனையும் செய்து, குறித்த நேரத்துக்கு முன்பே போய் நின்றோம். சீட்டில் துறையின் முத்திரை இல்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த கட்டடத்துக்குப் போய் முத்திரை வாங்கி வருவதற்குள் டோக்கன் பின்னால் போய்விட்டது. இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை, காத்திருப்புக் கூடத்தில் என் கணவரின் தோளிலேயே அயர்ந்து தூங்கிவிட்டான். பரிசோதனைக்கு வேண்டியதே அந்தத் தூக்கம்தான். "சார், குழந்தை இப்போதுதான் தூங்கினான், இப்போதே எடுத்துவிட்டால் நன்றாயிருக்கும்" என்று கெஞ்சினேன். "டோக்கன் வரிசைப்படிதாம்மா விடுவோம்" என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமல். எங்கள் முறை வருவதற்குள் ஒலிபெருக்கியில் பெயர்களைக் கூப்பிடும் சத்தமே அவனைத் திடுக்கிட்டு எழுப்பிவிட்டது.

அதன்பின் அந்த அறைக்குள் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. தலையில் அளந்து குறித்த இடங்களில் சுமார் 20 மின்முனைகளை ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் நறநறவென்ற ஒரு பசையால் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். மற்ற குழந்தைக்கு அது சிறு அரிப்பு. சட்டைக் கழுத்தில் தைத்த துணி லேபிளைக்கூடத் தாங்காத என் மகனுக்கு அது வலி. சத்தம் மிகும் இடங்களில் அவன் அணியும் காதுமூடிகளையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள், காதுமடலிலும் மின்முனை பொருத்த வேண்டும் என்பதால். அவனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போயிற்று. அவன் அலறத் தொடங்கியதும், "ஆளுக்கொரு பக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார் தொழில்நுட்பர்.

அப்படிப் பிடித்து எடுத்த பதிவு எதற்கும் பயன்படவில்லை. தலையின் மேற்பரப்பில் கிடைக்கும் மூளை மின்னலைகளை மைக்ரோவோல்ட்டில், அதாவது வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், அளக்கிறார்கள். பல்லைக் கடித்து அழும் குழந்தையின் தாடைத் தசையிலிருந்து எழும் மின்சாரம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒப்பாரி வீட்டில் ரகசியம் பேசினால் கேட்குமா? அசைவின் காரணமாகக் கருத்துக் கூற இயலவில்லை என்ற ஒற்றை வரியோடு அறிக்கை வந்தது. கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. பிள்ளையோ அதற்குப் பிறகு பல நாள்கள் தலையைத் தொடவே விடவில்லை. சீப்பைக் கண்டாலே ஓடினான்.

"வளர்ப்புச் சரியில்லை, அதனால்தான் இவ்வளவு அடம்" என்று அந்த அறை வாசலில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். அதற்கான பதிலை நரம்பியல் மருத்துவரிடமிருந்துதான் பெற்றேன். புலன் தூண்டலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உறுத்தும் தொடுதலையும் இரைச்சலையும் கொடுத்தபடி ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளையை, அதன் எந்தப் பகுதி எப்போது இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் பதிவுசெய்தார்கள். பொதுவாக ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் மூளை பழகிப்போய் அடங்கிவிடும். புலன் மிகை எதிர்வினை உள்ள பிள்ளைகளிடமோ, புலன் பகுதிகளிலும் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவிலும் அந்த அடங்குதல் குறைந்தே காணப்பட்டது. "கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்று அந்த அறையில் எங்களுக்குச் சொன்ன ஆறுதல் என் மகனைப் பொறுத்தவரை ஏன் பொய்த்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் அன்றோடு விட்டுவிட்டோம்.

அடுத்த முயற்சிக்கு அன்றாடச் செயல்களுக்கும் புலன் சிக்கல்களுக்கும் அவனுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் வழி அமைத்தார். பசையை முதலில் பொம்மையின் தலையில், பிறகு என் கையில், பிறகு அவன் கையில், கடைசியாக அவன் நெற்றியில் என்று மெதுவாகக் கொண்டுபோனார். லேசான தொடுதலைவிட அழுத்தமான தொடுதலை அவன் ஏற்றுக்கொள்வான் என்பதால், தலையை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்த பிறகே தொடங்கும்படி பழக்கினார். இவற்றையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டும் தந்தார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, நாள் குறிப்பதற்கு முன்பே வேறொரு மையத்தின் தொழில்நுட்பரைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். கவுண்டரில் வாதாடுவதைவிட இதுதான் பலன் தந்தது. அவர் எங்களுக்கு அன்றைய முதல் நேரத்தை ஒதுக்கினார்; குழாய் விளக்கை அணைக்க ஒப்புக்கொண்டார்; தூங்கிய பிறகே மின்முனைகளைப் பொருத்துவதாகச் சொன்னார். கண்முன் விளக்கை மின்னவிட்டுப் பார்க்கும் பகுதியை இவனுக்குச் செய்யத்தான் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்கி வரும்படியும் அவரே அறிவுறுத்தினார். மருத்துவர் அதைத் தவிர்க்கலாம் என்றார்.

தூங்க வைக்க மருந்து தருவது பற்றி மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள். சில தூக்க மருந்துகள் அலைப் பதிவையே மாற்றக்கூடும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பு கூடுவதும் உண்டு. ஏற்கெனவே வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைக்கு, பரிசோதனை நாள் என்பதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்னாலன்றிப் பட்டினியாகவும் அழைத்துச் செல்ல வேண்டாம்.

இரண்டாவது மையத்தில், அவன் வழக்கமாகப் போர்த்திக்கொள்ளும் கனமான போர்வைக்குள் என் மடியிலேயே தூங்கினான். பதிவு தடையின்றி முடிந்தது.

அறிக்கையில் வலிப்புக்கான மின் அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் ஒரு முறை எடுத்த பதிவு இயல்பாக இருப்பதால் மட்டும் வலிப்பு இல்லவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்று மருத்துவர் விளக்கி, அவன் வெறித்துப் பார்க்கும் நேரங்களைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துவரச் சொன்னார். இதை முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். நேரம், இடம், அப்போதிருந்த சத்தம் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். எங்கள் குறிப்பில், பெரும்பாலான நேரங்களில் மிக்சியோ பள்ளி உணவுக்கூடத்து இரைச்சலோ அருகிலிருந்தது. தோளை அழுத்திப் பிடித்தால் அவன் மீண்டு வருவதும் காணொளியில் தெரிந்தது. இரைச்சல் தாங்காமல் உள்ளொடுங்கும் நிலையாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதுகிறார், கண்காணிப்பு தொடர்கிறது.

இதற்கிடையில் ஒரு தனியார் மையத்தில், மூளை வரைபடம் எடுத்து ஆட்டிசத்தின் அளவைச் சொல்லி, அதற்கேற்ற தொகுப்புச் சிகிச்சையும் தருவதாகப் பெருந்தொகை கேட்டார்கள். வண்ணப் படத்தைக் காட்டிப் பேசும்போது நம்பத்தான் தோன்றும். உங்கள் நரம்பியல் மருத்துவர் எழுதித் தராத எந்த மூளைப் பரிசோதனைக்கும் பணம் கட்டாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோதும் ஈ.ஈ.ஜி. எங்களை விடவில்லை. அது இணைக்கப்படாவிட்டால் விண்ணப்பத்தை வாங்கமாட்டோம் என்று கவுண்டரில் சொன்னதால் ஒரு பயணம் வீணாயிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது; அதன் அளவை மதிப்பிட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் உண்டு. அதன் 40 கூறுகள் ஆறு பிரிவுகளில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று புலன் சார்ந்தது. மதிப்பெண்ணுக்கு ஈ.ஈ.ஜி. தேவையில்லை. அந்த மதிப்பீட்டுக்கான வழிகாட்டுதலின் அச்சுப்படியோடு மறுபடி போய் நேராக மருத்துவ அலுவலரைப் பார்த்தேன். அவர் படித்துவிட்டு விண்ணப்பத்தை அங்கேயே ஏற்றுக்கொண்டார். உளவியலாளர் புலன் பிரிவுக்கு வந்ததும், தெரபிஸ்ட்டின் கடிதத்தையும் எங்கள் குறிப்பேட்டையும் நீட்டினேன். இரண்டையும் முழுவதுமாகப் படித்த பிறகே அவர் மதிப்பெண் இட்டார்.