நன்றாக இருக்கும்போதே ஏன் அறுவை சிகிச்சை?

என் இதயத்தின் வலது கீழறை விரிந்து நிறையும்போது அதன் கொள்ளளவு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 168 மில்லிலிட்டர். முக்கியமாக இந்த ஒரு எண்ணை வைத்துத்தான், இதய வால்வு மாற்றுவதற்காக என் நெஞ்சை இரண்டாவது முறையாகத் திறக்கப் போகிறார்கள். எனக்கு மூச்சு வாங்கவில்லை, கால் வீங்கவில்லை, மயக்கம் வந்ததில்லை. வேலைக்குப் போகிறேன், மாடிப்படி ஏறுகிறேன். "உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே இருந்தது டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. 1888-ல் இதை விளக்கி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோவின் பெயர். நான்கு கோளாறுகள் சேர்ந்து வரும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் குறுகல், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி அந்த ஓட்டைக்கு மேலே நகர்ந்து நிற்பது, வலது கீழறையின் சுவர் தடித்துப்போவது. ஆக்சிஜன் ஏறாத ரத்தமும் உடம்புக்குள் கலந்து ஓடுவதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். ஓடி விளையாடும்போது நான் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேனாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படி உட்காரும்போது கால்களின் ரத்தக்குழாய்கள் மடங்கி அழுந்துகின்றன. உடம்புக்குப் போகும் வழியில் எதிர்ப்பு கூடுவதால், நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் திரும்புகிறது. நடக்கப் பழகிய குழந்தையின் உடம்பு இதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

ஐந்து வயதில் ஆபரேஷன். ஓட்டையை மூடினார்கள், குறுகிய பாதையை வெட்டி விரித்து ஒட்டுப் போட்டார்கள். "சரியாகிடுச்சு, இனிமேல் கவலை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அதை அப்படியே நம்பினோம். அதனால்தான், வால்வு மாற்ற வேண்டும் என்று இப்போது மருத்துவர் சொன்னதும் அம்மா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ அன்னிக்குச் செஞ்சது சரியில்லையா டாக்டர்? நாங்க வேற எங்கயாவது காட்டியிருக்கணுமா?"

இத்தனை வருஷம் கழித்தும் அம்மா தன்னைத்தான் முதலில் நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொள்கிறார். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. மருத்துவர்தான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். குறுகல், நுரையீரல் பாதையில் ரத்தம் பின்னால் திரும்பாமல் தடுக்கும் வால்வு வரைக்கும் இருந்தது. அதை விரிக்க வேண்டுமென்றால் வால்வின் குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் வால்வு முழுதாக மூடாது, ரத்தம் கசிந்து திரும்பும். அன்றைக்கு அந்தக் கசிவை ஏற்றுக்கொண்டதால்தான் பாதை திறந்தது, நீலம் போனது, நான் வளர்ந்தேன். "அம்மா, அவங்க செஞ்சது சரி. அதனாலதான் இவங்க இன்னிக்கு இங்க உட்கார்ந்திருக்காங்க" என்றார். அம்மா அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் ரத்தத்தையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி, வலது கீழறை கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது. இது எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) சரியாகப் பிடிபடாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். குழாய்க்குள் படுத்தபடி "மூச்சை விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்ற குரலுக்குத் திரும்பத் திரும்பக் கீழ்ப்படிய வேண்டும். அடுத்தது, முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் சோதனை. உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கிறார்கள். நன்றாக மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். என் வயதுக்கு எதிர்பார்க்கும் அளவில் முக்கால் பங்குகூட வரவில்லை. ஒருநாளும் முழுசாக இருந்திராத உடம்புக்குக் குறைவது எப்படித் தெரியும்?

முதலில் சொன்ன அந்தக் கொள்ளளவு 160-ஐ ஒட்டி வந்தாலே பெரும்பாலான மருத்துவர்கள் வால்வு மாற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால், புது வால்வு வைத்த பிறகும் கீழறை பழைய அளவுக்குச் சுருங்காமல் போகலாம். கெட்ட துடிப்புகள் வரும் அபாயமும் கூடும். நன்றாக இருக்கும்போதே ஏன் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயில் வால்வு வைக்கும் முறை 2000-லேயே வந்துவிட்டது. ஆனால் ஒட்டுப் போட்டு அகலமான என் பாதையில் அது பிடித்து நிற்காது என்று சி.டி.யில் தெரிந்துவிட்டது. சரி, திறந்துதான் ஆக வேண்டும். முதல் முறையைவிட இரண்டாவது முறை கடினம். பழைய தழும்புத் திசுவால் இதயம் மார்பெலும்பின் பின்பக்கம் ஒட்டியிருக்கலாம் என்பதால் ரம்பத்தை வைக்குமுன் அந்த இடைவெளியையும் அளக்கிறார்கள். இதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, இப்போதும்.

வைக்கப்போவது விலங்குத் திசுவில் செய்த வால்வு. பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும், அப்புறம் இன்னொன்று. அதைக் கதீட்டரிலேயே இதற்குள் பொருத்த வாய்ப்பு உண்டு என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

என்னைப் போல் சின்ன வயதில் ஆபரேஷன் ஆனவர்கள் இதைப் படித்தால், பெரியவர்களின் பிறவி இதயக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேதி இன்னும் குறிக்கவில்லை. முதலில் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தைப் பல்லை எடுத்துவிட வேண்டுமாம், வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் தங்கிவிடக்கூடாது என்பதற்காக. அதற்கு நாளைக் காலை போகிறேன்.