அளவு வேறு, காரணம் வேறு: வளர்ச்சிப் பொருளியல் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டில் வளர்ச்சிப் பொருளியல் தாளை நான் இரண்டு முறை எழுத நேர்ந்தது. முதல் முறை வந்த இருபது மதிப்பெண் வினா இதுதான்: "நாடுகளுக்கிடையே காணப்படும் வளர்ச்சி வேறுபாடுகள் எவ்வாறு அளவிடப்படுகின்றன? அவற்றை விளக்கும் கோட்பாடுகளை ஆராய்க." ஆறு பக்கம் எழுதினேன். குறியீடுகளின் பெயர்கள், அவை தொடங்கப்பட்ட ஆண்டுகள், பொருளியலாளர் ரோஸ்டோ 1960இல் முன்வைத்த வளர்ச்சியின் ஐந்து கட்டங்கள் என எல்லாமே சரியாக இருந்தன. கிடைத்தது ஏழு மதிப்பெண். விடைத்தாளின் நகலை வாங்கி எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இரண்டு இடங்களில் மட்டும் கோடிட்டு, என்னையே படிக்கச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் குறைந்த எழுத்தறிவை வளர்ச்சியின்மையின் அளவாக எழுதியிருந்தேன்; ஐந்தாம் பக்கத்தில் அதே குறைந்த எழுத்தறிவை வளர்ச்சியின்மைக்குக் காரணமாக எழுதியிருந்தேன். எதை அளக்கிறோமோ அதையே அதற்குக் காரணமாகவும் காட்டினால் விடை வட்டமடிக்கும் என்பது அன்றுதான் புரிந்தது. இந்தப் பாடத்தை இப்போது படிப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த ஒரு தவற்றைச் சுற்றியே அமைகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்குச் சொல்லிலேயே ஓர் இடர் இருக்கிறது. உற்பத்தியும் வருமானமும் பெருகுவதையும், மக்களின் வாழ்க்கை எல்லா வகையிலும் மேம்படுவதையும் நம் பாடநூல்கள் பல இடங்களில் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள் முதலாவதை 'வளர்ச்சி' என்றும் இரண்டாவதை 'அபிவிருத்தி' என்றும் பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் உதவியது. தமிழ்நாட்டு மாணவர்கள் இரண்டாவதற்கு 'மேம்பாடு' அல்லது 'முன்னேற்றம்' என்று எழுதலாம். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் முதல் பத்தியிலேயே அதன் பொருளை வரையறுத்துவிட்டு, கடைசி வரை மாற்றாமல் எழுத வேண்டும்.

அளவீட்டுப் பகுதியை வருமானத்திலிருந்து தொடங்குவதே இயல்பானது. ஆனால் தலா மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வரையறையை எழுதிவிட்டு 'இதில் குறைகள் உள்ளன' என்று நகர்ந்துவிடுவது போதாது. குறை எங்கே இருக்கிறது என்பதை ஒரு நாட்டின் நிகழ்வைக் கொண்டு காட்ட வேண்டும். நைஜீரியா 2014 ஏப்ரலில் தன் கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது விலைகளையும் தொழில்களின் பங்கையும் எந்த ஆண்டைக் கொண்டு எண்ணுகிறோமோ அதை, 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெருகியிருந்த தொலைத்தொடர்பு, திரைப்படத் தொழில் போன்றவை அப்போதுதான் கணக்கில் முறையாக இடம்பெற்றன. 2013ஆம் ஆண்டுக்கான உற்பத்தி மதிப்பு ஏறத்தாழ 89 விழுக்காடு உயர்ந்து, அந்நாடு தென்னாப்பிரிக்காவைக் கடந்து ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய பொருளாதாரம் ஆனது. லாகோஸ் நகரத்தில் ஒருவரது கூலியும் அதனால் உயரவில்லை. இந்த எடுத்துக்காட்டைப் படித்த பிறகு, இரு நாடுகளின் வருமான எண்களை அருகருகே வைக்கும்போதெல்லாம் அவை எந்த ஆண்டின் அடிப்படையில், எந்த அளவுக்கு முழுமையாக எண்ணப்பட்டவை என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது. அயர்லாந்து இதற்கு எதிர்த்திசையிலான எடுத்துக்காட்டு. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றியதால் 2015இல் அந்நாட்டின் உள்நாட்டு உற்பத்தி சுமார் 26 விழுக்காடு வளர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இதற்கென்று திருத்தப்பட்ட தேசிய வருமானக் கணக்கு ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று. நாட்டின் எல்லைக்குள் உருவாகும் உள்நாட்டு உற்பத்திக்கும் அந்நாட்டவர் கையில் சேரும் தேசிய வருமானத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குக் கிடைக்கவில்லை.

வாங்கும் சக்திச் சமநிலை (நாடுகளின் விலை வேறுபாட்டைச் சரிசெய்து வருமானத்தை ஒப்பிடும் முறை) பற்றி இரண்டு வாக்கியம் போதும்: மதுரையில் ஒரு முறை முடிவெட்டிக்கொள்ளும் செலவும் சூரிச்சில் ஆகும் செலவும் ஒன்றல்ல, ஆகவே நாணய மாற்று விகிதத்தில் மட்டும் ஒப்பிட்டால் ஏழை நாடுகளின் வாழ்க்கைத்தரம் உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரியும்.

ஆயுட்காலம், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை ஒரே எண்ணாகத் தரும் மனித மேம்பாட்டுக் குறியீட்டுக்கு அதிக நேரம் கொடுங்கள். பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, அமர்த்தியா சென்னின் சிந்தனைத் துணையோடு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் இது அறிமுகமானது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். நான் இரண்டாம் முறை படித்தபோது அதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தேன். 2025இல் வெளியான அறிக்கையின்படி 2023ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் ஆயுட்கால எதிர்பார்ப்பு 72 ஆண்டுகள். குறைந்த எல்லை 20, மேல் எல்லை 85 என்பதால் 52ஐ 65ஆல் வகுக்க 0.800 வருகிறது. பள்ளியில் சேரும் குழந்தை எதிர்பார்க்கக்கூடிய கல்வி ஆண்டுகள் ஏறத்தாழ 13. அதை 18ஆல் வகுக்க வேண்டும். வயது வந்தோர் உண்மையில் பெற்ற சராசரிக் கல்வி 6.9 ஆண்டுகள், அதை 15ஆல் வகுக்க வேண்டும். இரண்டின் சராசரி 0.59 அளவில் நிற்கிறது. தலா தேசிய வருமானம் வாங்கும் சக்தி அடிப்படையில் சுமார் 9,047 டாலர். 100 டாலருக்கும் 75,000 டாலருக்கும் இடையே மடக்கை எடுத்துக் கணக்கிட்டால் 0.68 கிடைக்கிறது. மூன்றையும் பெருக்கி முப்படி மூலம் எடுத்தால் 0.685. அறிக்கையில் அச்சாகியிருப்பதும் அதே எண்தான். 193 நாடுகளில் 130ஆம் இடம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு மூன்று செய்திகள் மறக்காது. முதலாவது, இந்தியாவைக் கீழே இழுப்பது எது என்பது கண்ணெதிரே தெரிகிறது: ஆயுட்காலம் அன்று, வருமானம்கூட அன்று, வயது வந்தோரின் சராசரிக் கல்வி. இன்றைய குழந்தைகள் பள்ளிக்குச் சென்றாலும், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்களும் கூலித் தொழிலாளர்களும் அந்த 6.9க்குள் இருக்கிறார்கள். இரண்டாவது, மடக்கை ஏன் என்பது விளங்குகிறது: கூடுதல் டாலர் செல்வரைவிட ஏழைக்கே அதிக மாற்றம் தரும். 1,000 டாலர் வருமானம் 2,000 ஆகும்போது வருமானக் குறியீடு 0.10க்கு மேல் உயர்கிறது. 30,000 டாலர் 31,000 ஆகும்போது 0.005 மட்டுமே உயர்கிறது. மூன்றாவது, 2010 முதல் கூட்டுச் சராசரிக்குப் பதிலாகப் பெருக்கல் சராசரி பயன்படுத்தப்படுவதன் காரணம். 0.9, 0.9, 0.3 என்று மூன்று கூறுகள் உள்ள நாட்டுக்குக் கூட்டுச் சராசரி 0.70 தரும், பெருக்கல் சராசரி 0.62தான் தரும். ஒன்றில் உள்ள பெருங்குறையை மற்றொன்றின் மிகுதியால் மறைக்க அது எளிதில் விடாது.

இதே அறிக்கையில் இலங்கை 0.776 பெற்று 89ஆம் இடத்தில் நிற்கிறது. அங்கே வயது வந்தோரின் சராசரிக் கல்வி பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறது. அளவிலிருந்து காரணத்துக்கு நகர வேண்டிய இடம் இதுதான். நான் முதல் முறை தடுக்கி விழுந்ததும் இங்கேதான். 'இலங்கையில் கல்வி அதிகம், ஆகவே மேம்பாடு அதிகம்' என்று எழுதினால் அது விளக்கமாகாது, எண்ணைத் திருப்பிச் சொல்வதாகும். கல்வி ஏன் பரவியது என்று கேட்க வேண்டும். 1931இல் வந்த வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையும், 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும், கிராமங்கள் வரை சென்ற இலவச மருத்துவமும் அந்த நாடு வருமானத்தில் ஏழையாக இருந்த காலத்திலேயே எடுக்கப்பட்ட முடிவுகள். இவைதான் காரணத்தின் தளத்தில் வைக்கத் தக்கவை. கூடவே அந்தச் சராசரி மறைப்பதையும் எழுதுங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களின் தோட்டப் பள்ளிகள் 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. நாட்டின் சராசரியைப் பார்ப்பவருக்கு அந்தப் பிள்ளைகள் இழந்த ஆண்டுகள் தெரியா. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதையும் இந்தக் குறியீடு முன்கூட்டிக் காட்டியிருக்க முடியாது. கடன் சுமையும் அந்நியச் செலாவணிக் கையிருப்பும் அதன் கூறுகளே அல்ல.

ஏற்றத்தாழ்வுக்குக் கினிக் கெழு (வருமானம் எவ்வளவு சமமின்றிப் பகிரப்பட்டுள்ளது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்), ஏற்றத்தாழ்வு கழித்த மனித மேம்பாட்டுக் குறியீடு, பத்துக் குறிகாட்டிகள் கொண்ட பன்முக வறுமைக் குறியீடு ஆகியவற்றை ஒவ்வொரு பத்தியில் முடிக்கலாம்.

கோட்பாடுகளைப் பொறுத்தவரை, அவற்றைக் கால வரிசையில் அடுக்குவதை நான் கைவிட்டேன். அதற்குப் பதிலாக இரட்டை நாடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்பாடும் அந்த இணையை எந்த அளவுக்கு விளக்குகிறது என்று சோதித்தேன். வட கொரியாவும் தென் கொரியாவும் 1945 வரை ஒரே நாடு; மொழி, பண்பாடு, ஜப்பானிய ஆட்சி எல்லாம் பொது; கனரகத் தொழில்கள் பெரும்பாலும் வடக்கில்தான் இருந்தன. இன்று தெற்கின் உயரத்துக்குப் புவியியலோ பண்பாடோ காரணமாக முடியாது. அரசும் சந்தையும் அமைந்த விதமே காரணம் என்பார்கள் நிறுவனக் கோட்பாட்டாளர்கள். அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2024இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றது இவ்வகை ஆய்வுக்காகவே. ஆனால் இங்கே நிறுத்திவிடாதீர்கள். தென் கொரியாவின் வேகமான வளர்ச்சி 1961க்குப் பின் பார்க் சுங் ஹீயின் இராணுவ ஆட்சியில் தொடங்கியது. அதற்கு முன்பே நிலச் சீர்திருத்தம் நடந்திருந்தது. அமெரிக்க உதவியும் இருந்தது. 'நல்ல நிறுவனங்கள்' என்ற சொல்லால் மட்டும் இவற்றையெல்லாம் மூடிவிட முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த இணை போட்ஸ்வானாவும் சியரா லியோனும். இரண்டிலும் வைரம் உண்டு. கடற்கரை இருப்பது சியரா லியோனுக்கு. போட்ஸ்வானா நிலத்தால் சூழப்பட்ட நாடு, 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. போட்ஸ்வானாவில் வைரச் சுரங்க நிறுவனத்தின் சரிபாதி உரிமை அரசிடம் இருந்தது; வருவாய் சாலைக்கும் பள்ளிக்கும் சென்றது. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரமே பணம் தந்தது. மூலப்பொருள் ஏற்றுமதி நாட்டை என்றும் சார்பிலேயே வைத்திருக்கும் என்ற சார்புக் கோட்பாட்டின் வாதத்தை இந்த இணை முழுமையாக ஏற்கவும் விடாது, முழுமையாக மறுக்கவும் விடாது. போட்ஸ்வானா இன்றும் வைர விலையை நம்பியே இருக்கிறது. வருமான ஏற்றத்தாழ்வும் மிக அதிகம். மேலும் 1990களில் எச்.ஐ.வி. தொற்று பரவியபோது வருமானம் உயர்ந்துகொண்டிருக்க, ஆயுட்காலம் சரிந்தது. ஓர் அளவு மேலேறும்போதே மற்றொன்று கீழிறங்கலாம் என்பதற்கு இந்த ஒரு நாடே சான்று.

தேர்வு அறையில் இந்த வினாவுக்கு நான் ஒதுக்கியது நாற்பது நிமிடம். முதல் மூன்று நிமிடத்தில் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் அளவுகளையும் வலப்பக்கம் காரணங்களையும் எழுதி, ஒரே சொல் இரு பக்கமும் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். கல்வி இரண்டிலும் வந்திருந்தது. வலப்பக்கத்தில் அதை அடித்துவிட்டு, 'கல்விக்கு அரசு செலவிட முடிவெடுத்த சூழல்' என்று மாற்றி எழுதினேன். பிறகு இரண்டு பக்கம் அளவீடு, இந்தியக் கணக்கு ஒன்று, இரண்டு இணைகள், கோட்பாடுகள் அந்த இணைகளின் வழியே என்று நான்கரைப் பக்கத்தில் விடை முடிந்தது. அம்முறை பதினைந்து மதிப்பெண் கிடைத்தது.