ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லா? பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

என் தம்பிக்கு 27 வயது, ஆட்டிசம் உண்டு. பெரியவர்களுக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை தருவதாகச் சென்னையில் ஒரு தனியார் மையம் சொல்ல, அப்பச்சி (அப்பா) 25,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார். காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பல்லவன் ரயிலில் கிளம்பினோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சுலபமாக முடிந்தன.

ஒப்புதல் படிவத்தில்தான் வந்தது வினை. முழுக்க ஆங்கிலம். "இதில போடுங்க ஐயா" என்று அப்பச்சியிடம் நீட்டினார்கள். 18 வயது தாண்டியவருக்கு, அப்பா என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. ஆட்டிசம் போன்ற குறைபாடுகள் உள்ளவர்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு தரும் காப்பாளர் சான்றிதழ் இருக்க வேண்டும். ஆத்தா பெயரில் சிவகங்கையில் அலைந்து வாங்கிய அந்தச் சான்றிதழ் கைப்பையிலேயே இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களை முதுகுத்தண்டில் ஊசி வழியாகச் செலுத்தப் போகிறார்கள். அதைத் தம்பியிடம் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஊசியைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற பிள்ளை அவன். எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போயிற்று.

"இது ஆராய்ச்சியா? சிடிஆர்ஐ பதிவு எண் என்ன?" என்று கேட்டேன். மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடுதான் சிடிஆர்ஐ. கவுன்சிலர் டாக்டரைக் கை காட்டினார். டாக்டர், "ஆராய்ச்சி இல்லம்மா, ட்ரீட்மென்ட்" என்றார். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல், ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற எதையும் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யச் சொல்கிறது. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழுவும் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆராய்ச்சி என்றால் காசு வாங்கக் கூடாது. ஆராய்ச்சி இல்லை என்றால் செய்யவே கூடாது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தொப்புள்கொடி ரத்தமும் மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்தும் செலுத்திப் பார்த்து 2020-இல் வெளியிட்ட முடிவிலும், எதிர்பார்த்த முக்கிய முன்னேற்றம் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் 2 முதல் 7 வயதுப் பிள்ளைகள். 27 வயதுக்காரனுக்கு எதை வைத்து உறுதி சொன்னார்கள்?

முன்பணம் திரும்பாது என்றார்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கப் போவதாக மெயில் அனுப்பினேன். அப்புறம் ஸ்கேன் செலவு போக மிச்சம் கணக்கில் வந்துவிட்டது!

வங்கி வழியாகக் கட்டியதால்தான் மீட்க முடிந்தது, ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீதில் சிகிச்சையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குத் தந்ததில் 'ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் இருந்தது. நேஷனல் டிரஸ்ட் தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு எடுக்காதவர்கள் முதலில் அதை எடுங்கள், ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவுக்கும் கேட்கலாம்.