தலைப்பாகையோடு போனது

பதினோராவது மாடிச் சாரத்திலிருந்து அந்த ஸ்பானர் விழுந்தபோது கீழே யாரும் இல்லை. அரை நிமிடம் முன்புவரை புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தான். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று எழுந்து போயிருந்தான். ஸ்பானர் அவன் விட்டுப்போன தள்ளுவண்டியில் விழுந்து, தகரத்தைக் குழியாக்கிவிட்டுத் துள்ளிப் போய்க் கிடந்தது. திரும்பி வந்தவன் குழியைப் பார்த்தான், மேலே பார்த்தான், பிறகு பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்றார் பக்கத்தில் நின்ற, கிரேனில் சுமை கட்டிவிடும் ரிக்கர் அண்ணன்.

எங்கள் தொழிலில் இதற்கு ‘நியர் மிஸ்’ என்று பெயர். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் பட்டிருக்கலாம். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் எனக்குப் பாதிப் பிழைப்பு இதை எழுதி வைப்பதுதான்.

அன்று இரவு தொழிலாளர் விடுதியான டார்மில் பேச்செல்லாம் ஸ்பானரைப் பற்றியல்ல, எண்ணைப் பற்றி. விபத்தில் சிக்கிய காரின் நம்பரைக்கூட ஃபோர் டி என்ற நான்கு இலக்க லாட்டரியில் எடுக்கும் ஊர் இது, சிங்கப்பூர். ஸ்பானர் விழுந்தது காலை 10.15. ஆகவே 1015 என்று முடிவாயிற்று. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், ஒரு குலுக்கலில் பரிசு 23 எண்களுக்கு. இந்தக் கணக்கை நான் சொன்னால் "சேஃப்டி அண்ணன் எதற்கும் கணக்குப் போடுவார்" என்று சிரிப்பார்கள். போடத்தான் செய்கிறேன். 2004இல் சிங்கப்பூரில் லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள். 2023இல் 0.99, அதாவது அந்த வருடம் முழுக்க 36 பேர். இருபது வருடத்தில் எல்லோருடைய ஜாதகமும் ஒன்றாகத் திருந்தியிருக்க வழியில்லை. அடுத்த வருடமே 43 பேர், விகிதம் 1.2. ஜாதகம் ஒரே வருடத்தில் கெட்டுப்போகவும் வழியில்லை.

2004 என்றதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நிக்கல் ஹைவே நினைவுக்கு வரும். நான் வருவதற்கு முன்பு நடந்தது, பயிற்சி வகுப்பில் படம் காட்டுவார்கள். ஏப்ரல் 20, மாலை மூன்றரை மணி. வட்டப் பாதை எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தின் எஃகுத் தாங்கல்கள் பிடி விட்டுப் போய், மேலிருந்த நெடுஞ்சாலையும் சேர்ந்து உள்ளே இறங்கியது. நால்வர் இறந்தார்கள். ஒரு ஃபோர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பலர் அப்போது டீ குடிக்க மேலே வந்திருந்ததால் தப்பித்தார்கள். டீ நேரம் அதிர்ஷ்டம், சரி. ஆனால் தாங்கல்களும் அவற்றைப் பிடித்திருந்த எஃகு விட்டங்களும் சேரும் இடத்தின் வடிவமைப்பில் பிழை இருந்தது, முன்கூட்டியே தெரிந்த எச்சரிக்கைகள் கண்டுகொள்ளப்படவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அதற்குப் பிறகுதான் பழைய தொழிற்சாலைச் சட்டம் போய், 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஆபத்தை யார் உண்டாக்குகிறாரோ அவரே அதைக் குறைக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

வகுப்பில் கேட்டபோது இதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஸ்பானர் விழுந்த அன்று படிவத்தை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் நான் முதலில் எழுதியது: "தொழிலாளியின் கவனக்குறைவு." நிமிடம்கூட ஆகவில்லை. எந்தப் படிவத்திலும் பொருந்துகிற பதில் அது.

ஆனால் எங்கள் படிவம் ஐந்து முறை ‘ஏன்’ கேட்கும். ஸ்பானர் ஏன் விழுந்தது? மழையில் கை வழுக்கியது. ஸ்பானரைக் கையோடு கட்டும் கயிறு ஏன் இல்லை? அறுந்துபோய் நான்கு நாளாகிறது. புதியது ஏன் வாங்கவில்லை? ஸ்டோரில் கேட்டிருக்கிறான், இருப்பில் இல்லை. ஏன் இல்லை? வாங்கச் சொல்லும் தாளில் கையெழுத்து ஆகவில்லை. ஏன் ஆகவில்லை?

தாள் என் மேசையில் இருந்தது. வியாழக்கிழமை வந்தது, தணிக்கைக்கான கோப்புகளுக்கு அடியில் திங்கள்வரை கிடந்திருக்கிறது. இது போதாதென்று, சாரத்தின் விளிம்புப் பலகையை ஏதோ பொருள் ஏற்றுவதற்காகக் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. கீழே கட்டியிருந்த தடுப்பு நாடாவைக் கான்கிரீட் லாரிக்கு வழிவிட ஒதுக்கியிருந்தார்கள். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தம்பிக்கு மிச்சமிருந்த பாதுகாப்பு அவனுடைய தாகம் ஒன்றுதான்.

கவனக்குறைவு என்று எழுதியதை அடித்துவிட்டு மேசையில் கிடந்த தாளைப் பற்றி எழுதினேன். எழுதக் கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், ஸ்பானரைத் தவறவிட்ட சாரம் கட்டுகிறவனைத் திட்டத் தயாராகப் பலர் நின்றார்கள். என் மேசைக் கதையைச் சொன்னதும் சப்தமில்லை. அவன் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

அந்த வாரம் முழுக்க இன்னொரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று புதிதாக வருகிற பையன்களிடம் ஒரு கதை சொல்வேன். 2011இல் லாரியில் போகும்போது ஃபோர்மேன், "இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் யார்?" என்று கேட்டார், எல்லோரும் தயங்கினார்கள், நான் கையைத் தூக்கினேன், மேற்பார்வையாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். எல்லாம் உண்மைதான். கதையில் நான் விட்டுவிடுவது, ஃபோர்மேன் ஏன் அன்று அப்படிக் கேட்டார் என்பதை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தவர் வேறொருவர். முந்தின இரவு சிவகங்கையில் அவர் அப்பா இறந்துபோனார், அவர் விமானம் ஏறிவிட்டார். இடம் காலியானது அப்படித்தான். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவருக்கு அடுத்த வாய்ப்பு வரவேயில்லை. ‘தலைப்பாகையோடு போச்சு’ என்று சொன்ன ரிக்கர் அண்ணன் அவர்தான்.

சாரம் கட்டுகிறவன் கீழே போட்டதற்குக் கவனக்குறைவு என்று ஒரு நிமிடத்தில் பெயர் வைத்தவன், நான் மேலே வந்ததற்கு முயற்சி என்று இத்தனை வருடமாகப் பெயர் வைத்திருந்தேன். அண்ணனிடம் இதை ஒருநாள் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கையைத் தூக்கினது நீதானே தம்பி, லாரியில இருபது பேர் இருந்தானுங்க" என்றார். சற்று யோசித்து, "நான் இருந்திருந்தா இந்நேரம் அந்தத் தாள் என் மேசையில கிடந்திருக்கும்" என்று சிரித்தார். கிடந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தேக்காவில் சாப்பிட்டுவிட்டு இருவரும் நடந்துவந்தோம். டிக்கெட் கடையில் வரிசை நீளமாக நின்றது. அவர் 1015க்கு இரண்டு வெள்ளி வைத்தார். நானும் வைத்தேன். விழவில்லை.